அப்பாவை ‘யாரோ’ என்று சொன்ன மகன்

அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் ‘மொராஸ்கோ’ என்று ஒரு நாடகக் கொட்டகை இருந்தது. 1982-ம் ஆண்டில் அதை இடித்துவிட்டார்கள். அந்தக் கொட்டகையில் 1949-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி இரவு ஒரு புதிய நாடகம் அரங்கேறியது. ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ என்பது அதன் பெயர். எழுதியவர் ஆர்தர் மில்லர். அப்போது அவருக்கு வயது 33.

அந்த நாடகத்தில் ராஜா இல்லை, ராணி இல்லை. கத்திச் சண்டை இல்லை. ஒரு சின்ன வீடு. ஒரு அப்பா. ஒரு அம்மா. கல்யாணம் ஆகாத இரண்டு மகன்கள். அடுத்த வீட்டுக்காரர் ஒருவர். இவர்களைச் சுற்றியே கதை நடக்கிறது. ஆனாலும் அது 742 தடவை நடந்தது. அமெரிக்காவின் பெரிய பரிசான ‘புலிட்சர்’ பரிசும் அந்த ஆண்டே அதற்குக் கிடைத்தது.

நாடகத்தைப் பார்த்தவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசுவார்கள். அவருக்கு அடுத்தபடியாக மூத்த மகனைப் பற்றிப் பேசுவார்கள். இளைய மகனைப் பற்றிக் கேட்டால், “அவனா? அவன் ஒரு பெண் பித்தன்!” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

நாடகத்தில் அவனுடைய அப்பாவும் அவனை இப்படித்தான் தள்ளிவைத்தார். அதுதான் வேடிக்கை!

பெயர் மட்டும் ‘மகிழ்ச்சி’

அப்பாவின் பெயர் வில்லி லோமன். வயது 63. மாதிரிச் சரக்கை இரண்டு பெரிய பெட்டிகளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கடைகளில் ஆர்டர் பிடிப்பது அவர் தொழில். 30 ஆண்டுகளுக்கு மேல் ஒரே கம்பெனிக்கு உழைத்தவர். அவர் என்ன சரக்கு விற்கிறார் என்பதை மில்லர் நாடகத்தில் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

அம்மாவின் பெயர் லிண்டா. மூத்தவன் பிப். வயது 34. பல ஆண்டுகளாக எந்த வேலையிலும் நிலைக்காமல் அலைந்துவிட்டு, இப்போதுதான் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறான்.

இளையவன் ஹாப்பி. இரண்டு வயது சின்னவன். அவன் சொந்தப் பெயர் ஹெரால்டு. ‘ஹாப்பி’ என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். அதற்கு ‘மகிழ்ச்சி’ என்று அர்த்தம்.

ஹாப்பி ஆள் வாட்டசாட்டமானவன். ஒரு பெரிய கடையில் உத்தியோகம். வாரம் 70 டாலர் சம்பளம். தனி ஜாகை வைத்திருக்கிறான். சொந்தக் கார் வைத்திருக்கிறான். பெண்களுக்கோ கணக்கே இல்லை. நம் ஊரில் ‘மைனர்’ என்று சொல்வார்களே, அந்த ரகம்.

எல்லாம் இருந்தும் அவன் தனியாகத்தான் இருக்கிறான். இதை அவனே அண்ணனிடம் சொல்கிறான். நள்ளிரவில், சின்ன வயதில் படுத்த அதே மாடி அறையில், அதே பழைய கட்டில்களில் அண்ணனும் தம்பியும் படுத்துக்கொண்டு பேசும்போது அந்தப் பேச்சு வருகிறது. பெண்களை மயக்குவது தனக்குப் பந்து விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது என்கிறான். பந்தை உருட்டினால் கட்டைகள் விழும். மறுபடி நிறுத்தினால் மறுபடி விழும். அதில் ஒரு அர்த்தமும் இல்லை என்பது அவனுக்கே தெரிகிறது.

சரி, அவனுக்கு என்னதான் வேண்டும்? அம்மாவைப் போல ஒரு பெண் வேண்டுமாம்! ஒழுக்கமாக, தன்னை எதிர்த்து நிற்கக்கூடியவளாக இருக்க வேண்டுமாம். தான் கூப்பிட்டதும் வந்துவிடும் பெண்கள்மேல் அவனுக்கு மரியாதை இல்லை. மரியாதைக்குரிய பெண்ணைத் தேடவும் அவனுக்குத் துணிவு இல்லை.

மூன்று அதிகாரிகள்

அதே இரவில் ஹாப்பி இன்னொரு விஷயத்தையும் சொல்கிறான். அவனுடைய குணத்துக்குச் சாவி இங்கேதான் இருக்கிறது.

அன்று மாலை அவனோடு இருந்த பெண்ணுக்கு இன்னும் ஐந்து வாரத்தில் கல்யாணம். அவளை மணக்கப் போகிறவன் அதே கடையில் பெரிய பதவிக்கு வரப் போகிறவன். இதுபோல இவன் கெடுத்தது அவளோடு மூன்று பெண்கள். மூன்று பேருமே கடை அதிகாரிகளுக்கு நிச்சயமான பெண்கள்! அது போதாது என்று, அந்த அதிகாரிகளின் கல்யாணத்துக்கும் இவன் போய் வருகிறான்!

இதில் காதல் எங்கே இருக்கிறது? ஆசை கூட இல்லை.

ஹாப்பியின் மனதில் ஒரு புழுக்கம் இருக்கிறது. கடையில் உள்ள எவனையும் தன்னால் குத்துச்சண்டையில் வீழ்த்த முடியும், ஓட்டத்தில் தோற்கடிக்க முடியும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த நோஞ்சான்களின் உத்தரவுக்கு அவன் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. மேஜையில் அவர்களை ஜெயிக்க முடியாது. ஆகவே இப்படி ஜெயிக்கிறான். அவன் பறிப்பது பெண்ணை அல்ல. தனக்கு மேலே இருக்கிறவனின் மானத்தை. பாவம், அந்தப் பெண்கள்! அவர்கள் இவனுக்கு வெறும் கணக்குப் புள்ளிகள்.

சரக்கு விற்க வரும் முதலாளிகள், ஆர்டரைத் தங்களுக்குத் தரச் சொல்லி 100 டாலர் நோட்டை அவ்வப்போது இவனிடம் நீட்டுவார்கள். பெண் விவகாரமும் லஞ்சமும் ஒன்றுதான் என்று அவனே ஒப்பிடுகிறான். இரண்டையும் வெறுக்கிறான். இரண்டையும் விரும்புகிறான். இரண்டையும் விட முடியவில்லை.

கடையில் அவன் பதவி என்ன தெரியுமா? சரக்கு வாங்கும் அதிகாரிக்கு ஒரு உதவியாளர். அந்த உதவியாளருக்கு இரண்டு உதவியாளர்கள். அந்த இரண்டு பேரில் ஒருவன்! வீட்டிலே மட்டும் தன்னை அந்த உதவி அதிகாரி என்று சொல்லி வைத்திருக்கிறான்.

யாரும் கவனிக்காத பையன்

இந்த நாடகத்தில் பழைய காலமும் இன்றைய காலமும் கலந்து வரும். வில்லியின் மனம் தளர்ந்துவிட்டது. நினைவு தடுமாறுகிறது. சமையலறையில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று அவர் கண்ணுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையன்களாகத் தெரிவார்கள். மேடையிலும் அப்படியே வந்து நிற்பார்கள்.

அப்படி ஒரு காட்சி. அப்பா வெளியூரிலிருந்து வந்திருக்கிறார். பிள்ளைகள் காரைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறார்கள். அப்பாவின் கண் முழுவதும் மூத்தவன் மேல். அவன் கால்பந்தாட்டக் குழுவின் தலைவன். ஊரே அவனைக் கொண்டாடுகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து அவன் ஒரு பந்தைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறான். அப்பா கண்டிக்கவில்லை. பெருமையோடு சிரிக்கிறார்!

பக்கத்தில் சின்னவன் தரையில் மல்லாந்து படுத்து, காலால் சைக்கிள் மிதிப்பது போலப் பயிற்சி செய்கிறான். தன் உடம்பு இளைத்திருப்பதை அப்பா கவனித்தாரா என்று கேட்கிறான். அப்பா பாதிக் காதில் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்கிறார். அந்த நிமிஷமே மூத்தவன் பக்கம் திரும்பிவிடுகிறார். கொஞ்ச நேரம் கழித்துப் பையன் மறுபடியும் அதையே கேட்கிறான்.

இந்த இடத்தில் சபையில் சிரிப்பு எழுவது உண்டு. சிரிக்கும்படியாகத்தான் மில்லர் எழுதியிருக்கிறார்.

பெரிய பந்தாட்டப் போட்டிக்குக் குடும்பமே புறப்படும் நாளில், அண்ணனின் தலைக்கவசத்தை யார் தூக்கிக்கொண்டு வருவது என்று சின்னவனுக்கும் அடுத்த வீட்டுப் பையனுக்கும் சண்டை வருகிறது. சின்னவன் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான். அண்ணனின் கவசத்தைத் தூக்குவதுதான் அவனுக்குக் கிடைத்த பதவி.

அந்தச் சின்னப் பையன் வளர்ந்து 32 வயது ஆளாகிவிட்டான். இப்போது உடம்பு இளைத்ததைச் சொல்வதில்லை. கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்கிறான். வீட்டில் ஏதாவது தகராறு என்றால் போதும், அம்மாவைப் பார்த்து இதைச் சொல்வான். பெண் யார், கல்யாணம் எப்போது என்று ஒன்றும் இருக்காது. யாராவது தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பேச்சு. அம்மாவும் அதைக் கேட்டுத் தூங்கப் போகச் சொல்வாள்.

பாஸ்டன் ஓட்டல் அறை

அப்பா யோக்கியரா? அதுவும் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வில்லி தொழில் விஷயமாகப் பாஸ்டன் நகருக்குப் போகும்போதெல்லாம், அங்கே ஒரு பெண்ணோடு பழக்கம் வைத்திருந்தார். அவளுக்குப் புதிய காலுறைகள் பரிசாகக் கொடுப்பார். அதே காலத்தில் வீட்டில் லிண்டா கிழிந்த காலுறையை ஊசி நூல் கொண்டு தைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பிப்புக்கு அப்போது பள்ளிக்கூடப் படிப்பு முடிகிற சமயம். கணக்கில் தேறாமல் போய்விட்டான். அப்பா வந்து வாத்தியாரிடம் பேசினால் காரியம் ஆகும் என்று நம்பிப் பாஸ்டனுக்கு ஓடினான். ஓட்டல் அறைக் கதவைத் தட்டினான். உள்ளே அப்பாவோடு அந்தப் பெண் இருந்தாள். தெய்வமாக நினைத்த அப்பா ஒரே நிமிஷத்தில் நொறுங்கிப்போனார். பிப் மேலே படிக்கவில்லை. எதிலும் ஒட்டவில்லை. அந்தக் கதவைத் திறந்த நாளோடு அவன் வாழ்க்கை நின்றுவிட்டது.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கேட்டும் சொல்லவில்லை. தம்பிக்கும் தெரியாது.

இங்கேதான் மில்லரின் கெட்டிக்காரத்தனம்! அப்பாவின் குற்றத்தைக் கண்ணால் பார்த்த மகன் அப்பாவை விட்டு ஓடினான். ஒன்றுமே பார்க்காத மகன் அப்பாவைப் போலவே ஆனான்.

ரத்தத்தில் வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் மில்லர் அப்படிச் சொல்லவில்லை. இருவருக்கும் வந்திருப்பது ஒரே பசி. பாஸ்டன் பெண், வில்லியைத் தானே விரும்பித் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துபோகிறது. வாங்குகிறவர்களின் வாசல்களில் நாள் முழுவதும் காத்துக் கிடப்பவருக்கு, தம்மையும் ஒருத்தி விரும்புகிறாள் என்ற பேச்சு தேனாக இருக்கிறது. எல்லோருக்கும் பிடித்தவனாக இருந்தால் போதும், உலகத்தில் முன்னுக்கு வந்துவிடலாம் என்பதுதான் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம். புத்தகப் படிப்பை அவர் பெரிதாக நினைக்கவில்லை. புத்தகமும் கையுமாக இருந்த அடுத்த வீட்டுப் பையனை வீட்டோடு கேலி செய்தார்கள். அவன் பிற்காலத்தில் வக்கீலாகி நாட்டின் சுப்ரீம் கோர்ட்டில் வாதாடப் போகிறான்.

அப்பாவின் பாடத்தை மூத்தவன் பாதியில் விட்டுவிட்டான். இளையவன் கடைசி எழுத்து வரை கற்றுக்கொண்டான்.

50 டாலர்

ஹாப்பி அப்பாவைக் கவனிக்காதவன் என்று சொல்ல முடியாது. அவர் தனியாகப் பேசிக்கொண்டு போவதைப் பார்த்து வெட்கப்பட்டு, ஓய்வு எடுக்க வெளியூருக்கு அனுப்பி வைத்தவன் அவன்தான். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு 50 டாலரும் கொடுத்தான்.

அந்த 50 டாலரைப் பற்றி லிண்டா ஒரு இரவு வாய் திறக்கிறாள். வெந்நீர்க் குழாயைப் பழுது பார்க்கவே 97 டாலர் 50 சென்ட் ஆகிவிட்டது. கம்பெனி சம்பளத்தை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் ஒன்றும் இல்லை. வில்லியோ வாரா வாரம் அடுத்த வீட்டுச் சார்லியிடம் போய் 50 டாலர் கடன் வாங்கி, அதைத் தன் சம்பளம் என்று மனைவியிடம் கொடுத்து வருகிறார். லிண்டாவுக்கு இது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மகன் வருஷத்துக்கு ஒரு தடவை கொடுத்த பணத்தை அடுத்த வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறார்! அதே தெருக்களில் நடந்து, அதே வீட்டுக்கு வந்து போகும் ஹாப்பிக்கு இதில் ஒரு வரி கூடத் தெரியாது. வீட்டின் நிலவறையில், காஸ் குழாய்க்குப் பக்கத்தில் அப்பா ஒரு ரப்பர்க் குழாயை ஒளித்து வைத்திருப்பதும் தெரியாது. அது தற்கொலைக்கான ஏற்பாடு.

அம்மா அழுவதைக் கேட்டு மூத்தவன் துடிக்கிறான். இளையவனுக்கு அதிர்ச்சிதான், ஆனால் ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்கிறான். ஹாப்பி எதையுமே கேட்டதில்லை என்பதுதான் அம்மாவின் பதில்.

பொய்யும் ஒரு மருந்து!

வீட்டில் துக்கம் கட்டியதும் ஹாப்பி ஒரு யோசனை சொல்கிறான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கம்பெனி தொடங்குவது! இரண்டு பந்தாட்டக் குழுக்களை வைத்து ஊர் ஊராக ஆடிக் காட்டினால் விளம்பரம் தானாகக் கிடைக்கும். கேட்ட மாத்திரத்தில் கிழவருக்கு உயிர் வந்துவிடுகிறது. மறுநாள் பிப் தன் பழைய முதலாளியிடம் போய்ப் பணம் கேட்பது, மாலையில் இரண்டு மகன்களும் அப்பாவுக்கு ஓட்டலில் விருந்து வைப்பது என்று முடிவாகிறது.

மறுநாள் என்ன நடந்தது? வில்லி தன் முதலாளியிடம் போய், இனி அலைய முடியவில்லை, உள்ளூரிலேயே ஒரு வேலை கொடுங்கள் என்று கெஞ்சினார். இருந்த வேலையும் போனது. பிப் ஆறு மணி நேரம் காத்திருந்தும் பழைய முதலாளிக்கு அவனை அடையாளமே தெரியவில்லை. போகிற போக்கில் அவருடைய பேனாவைத் திருடிக்கொண்டு வந்துவிட்டான்.

பிப் இந்தத் தடவை அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட நினைக்கிறான். ஹாப்பி தடுக்கிறான். முதலாளி யோசிப்பதாகச் சொல், நாளைக்கு மறுபடி பார்ப்பதாகச் சொல், இரண்டு வாரம் இப்படியே ஓட்டினால் பேச்சே மறந்துபோகும் என்கிறான். ஏதாவது ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அப்பாவுக்குச் சந்தோஷம் என்பது அவன் கண்டுபிடிப்பு.

ஒரு விதத்தில் அது உண்மையும் கூட. அப்பாவை மூத்தவனை விட இவன்தான் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறான். அந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பதுதான் அடுத்த காட்சி.

ஓட்டலில் நடந்தது

மாலை நேரம். ஹாப்பி முன்னதாகவே ஓட்டலுக்கு வந்துவிட்டான். சிங்கி இறால் கொண்டுவரச் சொல்லி, பரிமாறும் ஸ்டான்லியோடு அரட்டை அடிக்கிறான். அலங்காரமாக ஒரு பெண் வந்து பக்கத்து மேஜையில் உட்காருகிறாள். அவ்வளவுதான், ஹாப்பிக்கு வேறு எதுவும் ஞாபகம் இல்லை.

தான் ஷாம்பேன் மது விற்கும் கம்பெனியைச் சேர்ந்தவன் என்று அளக்கிறான். அவளுக்கு ஒரு கிளாஸ் ஷாம்பேனும் வரவழைக்கிறான். தான் ராணுவக் கல்லூரியில் படித்ததாகச் சொல்கிறான். அண்ணன் வந்ததும் அவனைப் பெரிய பந்தாட்டக் குழுவின் நட்சத்திர வீரன் என்று அறிமுகம் செய்கிறான். ஒரு மூச்சுக்கு ஒரு பொய்! அண்ணனுக்கும் ஒரு ஜோடி வேண்டுமே என்று, சிநேகிதியை அழைத்து வர அவளை அனுப்புகிறான்.

வில்லி வருகிறார். வேலை போனதைச் சொல்கிறார். பிப் உண்மையைச் சொல்லப் பார்க்கிறான். ஹாப்பி நடுவில் புகுந்து நல்ல சேதியாக மாற்றிச் சொல்கிறான். பேச்சு முற்றுகிறது. கிழவரின் நினைவு தடம் புரள்கிறது. பாஸ்டன் அறைக் கதவு தட்டப்படும் சத்தம் அவர் காதில் கேட்கிறது. தள்ளாடிக்கொண்டு முகம் கழுவும் அறைக்குப் போகிறார்.

பிப் தாங்க முடியாமல், அப்பாவுக்கு ஏதாவது செய் என்று தம்பியிடம் கெஞ்சிவிட்டு, அழுதுகொண்டே வெளியே ஓடுகிறான். பெண்கள் இரண்டு பேரும் மேஜையில் இருக்கிறார்கள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டாமா என்று கேட்கிறவள் அந்தப் பெண்களில் ஒருத்தி!

ஹாப்பி மறுக்கிறான். அவர் தன் அப்பா இல்லை, யாரோ ஒரு ஆள் என்று சொல்கிறான். பெண்களை அழைத்துக்கொண்டு போய்விடுகிறான்.

நாடகம் என்றால் இப்படிப்பட்ட மகன் மீசையை முறுக்குவான், தாயை எட்டி உதைப்பான் என்று எதிர்பார்ப்போம். ஹாப்பி குரலைக் கூட உயர்த்துவதில்லை. கொடுமை செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியவே இல்லை. ஒரு இனிமையான மாலைப் பொழுது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான். அதனால்தான் அந்த ஒரு வார்த்தை சபையில் சாட்டையடி போல விழுகிறது.

வில்லி திரும்பி வருகிறார். மேஜை காலி. மகன்கள் போய்விட்டதாக ஸ்டான்லி சொல்கிறான். வில்லி அவனுக்கு ஒரு டாலர் இனாம் கொடுக்கிறார். அவர் திரும்பும் சமயம் பார்த்து ஸ்டான்லி அந்த நோட்டை அவருடைய சட்டைப் பையிலேயே மெல்லப் போட்டுவிடுகிறான். பெற்ற மகன் செய்யாததை ஓட்டல் சிப்பந்தி செய்கிறான்.

தரையில் விழுந்த ரோஜாக்கள்

இரவு வெகு நேரம் கழித்து மகன்கள் வீடு திரும்புகிறார்கள். ஹாப்பியின் கையில் நீளக் காம்பு ரோஜாப் பூக்கள். அம்மாவுக்காக வாங்கியவை. பெண்களின் கோபத்தைத் தணிக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அம்மாவும் ஒரு பெண்தானே!

லிண்டா பூங்கொத்தைத் தட்டிவிடுகிறாள். பூக்கள் தரையில் சிதறுகின்றன. பொறுமையே உருவான அந்தத் தாய் அன்று சீறுகிறாள். அப்பா உயிரோடு இருக்கிறாரா செத்தாரா என்ற கவலை கூட இல்லையா என்று கேட்கிறாள். முன் ஒரு நாளே இவனைப் பெண்கள் பின்னால் சுற்றும் உதவாக்கரை என்று சொன்னவள்தான். இப்போது இருவரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாள். பூக்களைப் பொறுக்கி எடு, இனி நான் உங்கள் வேலைக்காரி அல்ல என்கிறாள்.

ஹாப்பி அப்போதும், அப்பா எங்களோடு சந்தோஷமாகத்தான் இருந்தார் என்று ஒரு பொய் சொல்லிப் பார்க்கிறான். எடுபடவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். பிப்தான் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகப் பொறுக்குகிறான்.

ஒருவன் குற்றத்தை ஒத்துக்கொள்கிறான். ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. இதை விளக்க மில்லர் அங்கே ஒரு வசனமும் எழுதவில்லை.

அந்த நேரத்தில் அப்பா எங்கே? தோட்டத்தில், இருட்டில், கைவிளக்கு வெளிச்சத்தில் காரட், பீட்ரூட், கீரை விதைகளை ஊன்றிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் அடுக்கு மாடிக் கட்டிடங்கள் எழும்பிவிட்ட அந்தத் தோட்டத்தில் வெயிலே விழுவதில்லை.

நடிகர்களின் சோதனை

ஹாப்பியின் வேஷம் பார்வைக்கு லேசு. நடிக்கக் கஷ்டம். வெறும் பொறுக்கியாக நடித்தால் சபை அவனை ஒதுக்கிவிடும். பரிதாபமாக நடித்தால் ஓட்டல் காட்சி சப்பென்று போய்விடும். 1949-ல் முதலில் அந்த வேஷம் கட்டிய காமரூன் மிட்செல், 1951-ல் வெளிவந்த சினிமாப் படத்திலும் அதே வேஷத்தில் நடித்தார். 1984-ல் டஸ்டின் ஹாப்மன் வில்லியாக நடித்தபோது ஸ்டீபன் லாங்கும், 2012-ல் பின் விட்ராக்கும் ஹாப்பியாக வந்தார்கள். 2022-ல் லோமன் குடும்பத்தைக் கறுப்பினக் குடும்பமாக வைத்து நியூயார்க்கில் நடத்தினார்கள். அதில் மெக்கின்லி பெல்ச்சர் நடித்தார்.

1983-ல் மில்லரே சீனாவுக்குப் போய், பீஜிங் நகரில் சீன நடிகர்களை வைத்து இந்த நாடகத்தை நடத்தினார். ஊர் ஊராகச் சரக்கு விற்கும் தொழிலும், ஆயுள் இன்சூரன்சும் அந்த ஊர் ஜனங்களுக்குப் பழக்கம் இல்லாதவை. மகன்மேல் மலையளவு ஆசை வைத்த அப்பாவைப் புரிந்துகொள்வதில் அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை.

மில்லர் 2005-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி காலமானார். நாடகம் அரங்கேறி அன்றோடு சரியாக 56 ஆண்டுகள்.

கல்லறைக்கு முன்னால்

அன்றிரவு பிப் அப்பாவிடம் எல்லா உண்மைகளையும் கொட்டி, கடைசியில் அவர் மார்பில் சாய்ந்து அழுகிறான். மகனுக்குத் தன்மேல் பாசம் இருக்கிறது என்பதைக் கிழவர் அப்போதுதான் அறிகிறார். ஆனந்தத்தில் மிதக்கிறார். அந்த நேரத்தில் ஹாப்பி என்ன சொல்கிறான்? தான் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகவும், வருஷம் முடிவதற்குள் கடையில் பெரிய பதவிக்கு வரப் போவதாகவும் சொல்கிறான். அம்மாவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போகிறான். அப்பா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

சற்று நேரத்தில் வில்லி காரை எடுத்துக்கொண்டு வேகமாகப் போகிறார். தான் இறந்தால் இன்சூரன்ஸ் பணம் 20,000 டாலர் வரும், அதை வைத்துப் பிப் முன்னுக்கு வந்துவிடுவான் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிப் மட்டும்தான் இருக்கிறான்.

கல்லறையில் லிண்டா, இரண்டு மகன்கள், சார்லி, அவர் மகன் ஆகிய ஐந்து பேர்தான் நிற்கிறார்கள். ஊர் முழுவதும் தனக்குச் சிநேகிதர்கள் என்று வில்லி சொல்லிக்கொண்டிருந்தாரே, அவர்களில் ஒருவரும் வரவில்லை. வீட்டுக் கடனின் கடைசித் தவணையை லிண்டா அன்றுதான் கட்டியிருக்கிறாள். 25 ஆண்டுக் கடன்.

ஹாப்பிக்குக் கோபம். அப்பா இப்படிச் செய்திருக்கக் கூடாது, நாங்கள் உதவி செய்திருப்போம் என்கிறான். அப்பாவின் கனவே தவறு, அவர் தன்னையே அறிந்துகொள்ளவில்லை என்று பிப் சொல்லும்போது ஹாப்பி சண்டைக்கு வருகிறான். தன்னோடு ஊரை விட்டு வந்துவிடும்படி அண்ணன் கூப்பிடுகிறான். தம்பி மறுக்கிறான். இதே ஊரில் இருந்து, எல்லோரையும் முந்தி, அப்பா விட்ட இடத்தில் ஜெயித்துக் காட்டப் போவதாகச் சபதம் செய்கிறான்.

மூத்தவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் பக்கம் நின்று கடைசியில் பேசுகிறவன், அவர் ஒரு நாளும் திரும்பிப் பார்க்காத இந்த மகன்தான். இருட்டிய பிறகும் அம்மா கல்லறையை விட்டு எழுந்திருக்கவில்லை. பிப் அவளைத் தூக்கி நிறுத்தி அணைத்து அழைத்துப் போகிறான். சார்லியும் அவர் மகனும் பின்னால் போகிறார்கள். அவர்களுக்கும் பின்னால் ஹாப்பி நடக்கிறான்.